நரம்புத் தளர்ச்சி

மீன் தப்பிப் போனால் பழியைப் போட ஓர் இடம் வேண்டும். மீனைத் திட்ட முடியாது. அது தன் வேலையைத்தான் பார்த்தது. கோலைத் திட்டலாம் என்றால், அது நானே ஆசைப்பட்டு, வீட்டில் விலையைப் பாதியாகக் குறைத்துச் சொல்லி வாங்கியது. மிச்சமிருப்பது தூண்டில் நரம்பு. நடந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதற்கும் வாய் கிடையாது. ஆகவே டாலஸுக்குக் குடிவந்து பாஸ் மீன் பைத்தியம் பிடித்ததிலிருந்து என் தோல்விகளையெல்லாம் நரம்பின் தலையில்தான் கட்டி வருகிறேன். அவற்றில் சில உண்மையிலேயே நரம்பால் வந்தவை என்பதுதான் வேடிக்கை.

இந்தப் பக்கம் பாஸ் என்றால் லார்ஜ்மவுத் பாஸ். பச்சை உடம்பு, விலாவில் கறுப்புப் பட்டை, கண்ணையும் தாண்டிக் கிழிந்த வாய். டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரோட்டினால் லேக் ஃபோர்க் வரும். 1980-இல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி. மூழ்கப்போகிற மரங்களைப் பல இடங்களில் வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். மீனுக்கு அது மாளிகை, என் போன்றவருக்குப் பொறி. டெக்ஸாஸின் சாதனை பாஸ் இங்கேதான் 1992 ஜனவரியில் சிக்கியது: 18.18 பவுண்டு, கிட்டத்தட்ட எட்டேகால் கிலோ. பிடித்தவர் பாஸுக்காகப் போனவரே இல்லை. கிராப்பி என்கிற சின்ன மீனுக்குப் பொடிமீனை முள்ளில் குத்திப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை எடுத்துவரக் கூடாது, திரும்ப விட்டுவிட வேண்டும். சின்னதையும் நான் விட்டுவிடுவேன் என்று தெரிந்ததும் அம்மா தொலைபேசியில் கேட்டாள்: “பிடிச்சிட்டுத் திரும்ப விடுறதுக்கா பெட்ரோல் போட்டுகிட்டுப் போற?” பிடிப்பதே அரிது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

முதல் கோலோடு ரீலில் சுற்றியே வந்தது மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான். மலிவு. முடிச்சு நன்றாக நிற்கும். இழுத்தால் நீளும். இந்த நீளுகிற குணம்தான் என் முதல் கோடையைச் சாப்பிட்டது. ரப்பர் புழுவை இங்கே ‘டெக்ஸாஸ் ரிக்’ என்று ஒரு விதமாகக் கோப்பார்கள். முன்னால் தோட்டா வடிவ ஈயம். முள்ளின் நுனி புழுவின் உடம்புக்குள்ளேயே மறைந்திருக்கும். அதை அடித்தரையில் மெல்ல ஊர விட வேண்டும். பாஸ் அதை உறிஞ்சிப் பார்த்து, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். அத்தனை தூரத்துக்கு அப்பால் நடக்கும் அந்தச் சின்ன ‘டக்’ என் விரலுக்கு வந்து சேர்வதற்குள் மோனோ அதை அமுக்கிவிடும். நான் பதறிப்போய் கோலை வெட்டி இழுத்தால் அதிலும் பாதியை நரம்பே வாங்கிக்கொள்ளும். புழுவை எடுத்துப் பார்த்தால் வால் இருக்காது. இது புரியாமல், லேக் ஃபோர்க்கில் மீனே இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை நம்பி ஒருவர் கோல் வாங்கும் எண்ணத்தையே கைவிட்டார். அவர் மனைவிக்கு இன்றும் என்மேல் தனி மரியாதை.

அடுத்து ஃப்ளூரோகார்பன். இந்த நரம்பு தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது என்றான் கடைப் பையன். பொய் இல்லை; கொஞ்சம் மெய். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5-ஐத் தாண்டும். எண் தண்ணீருக்குக் கிட்டே வர வர இழை மங்கும். பள்ளிக்கூடத்தில் இயற்பியலில் தட்டுத் தடுமாறித் தேறியவனுக்கு இந்த எண்களைக் கேட்டதும் பழைய கடனைத் தீர்க்கும் வாய்ப்பாகப் பட்டது. இருந்த மோனோவை எல்லா ரீலிலிருந்தும் உருவிப் போட்டுவிட்டு ஃப்ளூரோகார்பனைச் சுற்றினேன். எல்லா ரீலிலும். அதுதான் முட்டாள்தனம்.

பையன் சொல்லாத இன்னொரு எண் இருந்தது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் ஃப்ளூரோகார்பன் சுமார் 1.78. மூழ்கும். அடியில் ஊரும் புழுவுக்கு அது வரம். நீர்மட்டத்தில் ஆடும் லூருக்கு, அதாவது செயற்கை இரைக்கு, சாபம். பாப்பர் என்று ஒன்று உண்டு; சுண்டுவிரல் நீளம், கிண்ணமாகக் குழிந்த முகம், பின்முள்ளில் நாலு வெள்ளை இறகு. கோல் நுனியைச் சற்றே சுண்டினால் குழி தண்ணீரை அறைந்து ‘ப்ளக்’ என்று துப்பும். பிறகு அது அசையாமல் நிற்க, இறகு மட்டும் நீரில் விரிந்து மூடும். பாஸுக்கு அந்த இடைவெளியில்தான் கோபம் வரும். என்னுடையது துப்பவில்லை. நரம்பு மூழ்கி மூக்கைக் கீழே இழுக்க, தலை கவிழ்ந்து நின்றது. சுண்டினால் முங்கியது. நான் நிறத்தை மாற்றினேன். பிறகு கம்பெனியை மாற்றினேன். பிறகு இன்னும் விலை கூடிய ஒன்று. எல்லாமே ஒரே மரியாதையோடு முங்கின. அதற்குத் தகுந்த நரம்பு, நான் உருவிக் குப்பையில் போட்ட அந்த மோனோதான். அதுவும் தண்ணீரைவிடச் சற்றுக் கனம்தான், ஆனால் மெல்ல மூழ்குவதால் பாப்பரின் மூக்கை விட்டுவைக்கும்.

தெரிகிறதா தெரியவில்லையா என்பதைத்தான் கடையில் பேசுகிறார்கள், பெட்டியிலும் அதையே அச்சிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது மூன்றாவது கேள்வி. மிதக்குமா மூழ்குமா என்பது முதலாவது; நீளுமா நீளாதா என்பது இரண்டாவது. தெளிந்த நீரில், சோம்பலாகக் கடிக்கும் மீனுக்கு மட்டும் மூன்றாவதைப் பற்றிக் கவலைப்படலாம்.

இனி அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். சிறு வயதில் கைத்தூண்டிலோடு கடற்கரையில் வளர்ந்தவர், இப்போது எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஒரு காலையில் பட்டுப்போன மரத்தடியில் எனக்கு நல்ல மீன் ஒன்று மாட்டியது. கோல் வளைந்து, மீன் ஒரு தடவை நீருக்கு மேலே வந்து தலையை உதறியது. அடுத்த நொடி கோல் நிமிர்ந்துவிட்டது. “நரம்பு அறுந்துபோச்சு அண்ணாச்சி, மட்டமான சரக்கு” என்றேன், கொஞ்சம் உரக்கவே.

அவர் பதில் சொல்லாமல் நரம்பை எட்டிப் பிடித்து முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கடைசி ஓர் அங்குலம் சின்னச் சின்ன வளையமாகச் சுருண்டிருந்தது.

“அறுந்தா முனை இப்படியா தம்பி இருக்கும்? இது முடிச்சு உருவிக்கிட்டு வந்துருக்கு. எச்சி தொட்டு இறுக்குனியா?”

“தொட்டேன் அண்ணாச்சி.”

தொடவில்லை. ஃப்ளூரோகார்பனை உலர்ந்தபடியே இறுக்கினால் உரசலில் சூடாகி அந்த இடத்தில் பலம் போகும். அவசரமாக இறுக்கினால் முடிச்சு சரியாக உட்காராது. அவருக்கு இரண்டும் தெரியும், நான் பொய் சொன்னதும் தெரியும். பாதி சாப்பிட்ட முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் கோலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த அவமானத்தில்தான் பின்னல் நரம்புக்குப் போனேன். பாலித்தீன் இழைகளைப் பின்னியது. குண்டு துளைக்காத உடுப்பிலும் இதே சாதி இழைதான். 65 பவுண்டு தாங்கும் பின்னல், 16 பவுண்டு மோனோவின் தடிமன்தான் இருக்கும். மிதக்கும், அநேகமாக நீளவே நீளாது. வீரம் வந்துவிட்டது. ஹைட்ரில்லா, அதாவது நம் ஊர் வேலம்பாசி, அடர்ந்து கிடக்கும் இடத்தில் ரப்பர் தவளையை எறிந்து பாசிமேல் தத்தவிட்டு இழுத்தேன். பாசி வெடித்தது. கோலை வெட்டி இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ரீல் சுற்றுகிறது, நரம்பு வரவில்லை. வழுவழுப்பான பின்னலை வெறும் ஸ்பூலில் நேரடியாகச் சுற்றியிருந்தேன். மொத்த நரம்பும் ஒரே உருளையாக ஸ்பூலின்மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. அடியில் பத்துச் சுற்று மோனோ போட்டிருந்தால் பிடித்திருக்கும். தவளை பாசியில் உட்கார்ந்திருந்தது, எந்தச் சேதமும் இல்லாமல்.

அதைச் சரிசெய்ததும் அடுத்த கோணலுக்குப் போனேன். கிராங்க்பெய்ட் என்பது முன்னால் பிளாஸ்டிக் நாக்கும் வயிற்றில் மும்முள்ளும் கொண்ட லூர். இழுக்க இழுக்க நாக்கால் தண்ணீரைத் தோண்டி ஆழம் போகும். அதைப் பின்னலில் கட்டினேன். மீன் மாட்டியது, மாட்டியது, கழன்றது, கழன்றது. மும்முள் சின்னது, மேலோட்டமாகத்தான் குத்தும். நீளாத நரம்பில் மீன் தலையை உதறினால் உதடு கிழிந்து முள் வந்துவிடும். இங்கே வேண்டியது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் நரம்பு: பத்து, பன்னிரண்டு பவுண்டு ஃப்ளூரோகார்பன். மெல்லியது என்பதால் லூர் இன்னும் ஆழமும் போகும். நான் ஒரு வருஷம் திட்டிய அந்த நீளுகிற குணத்தை இங்கே தேடிப் போக வேண்டியிருந்தது.

பின்னல் மரத்தில் சிக்கினால் அறுக்கவும் முடியாது. கையில் சுற்றி இழுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டில் நகவெட்டியின் வாய் மழுங்கியதற்கும் அதுவே காரணம். குற்றம் இன்றுவரை மகள்மேல் இருக்கிறது.

இப்படிப் படித்துத் தேறிய பிறகுதான் ஜார்ஜ் பெரியைப் பற்றி விவரமாகப் படித்தேன். ஜார்ஜியா மாநிலத்தில் 1932 ஜூன் 2 அன்று 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸைப் பிடித்தவர், பத்துக் கிலோ. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதை எட்டிப் பிடித்தது. சமமாகத்தான், விஞ்சியதாக ஏற்கப்படவில்லை. டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உண்டாக்கியது 1935. குரேஹா நிறுவனம் ஃப்ளூரோகார்பன் நரம்பைக் கொண்டுவந்தது 1971. அதாவது பெரியிடம் மோனோ, ஃப்ளூரோகார்பன், பாலித்தீன் பின்னல் மூன்றில் ஒன்றுகூட இல்லை. பெரியின் வீட்டில் அந்த மீனைச் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்பதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். “அவன் மனுஷன்” என்றாள்.

இப்போது படகில் நான்கு கோல் வைத்திருக்கிறேன். தவளைக்குப் பின்னல், புழுவுக்கும் கிராங்க்பெய்டுக்கும் வெவ்வேறு தடிமனில் ஃப்ளூரோகார்பன், பாப்பருக்கு மோனோ. மீன் வெடிக்கும் நேரத்தில் கைக்கு வருவது வேறு கோலாகவே இருக்கிறது. டிராப் ஷாட் என்கிற இன்னொரு கோப்பு முறைக்காக மெல்லிய பின்னலின் நுனியில் ஃப்ளூரோகார்பன் துண்டை இணைக்கும் எஃப்ஜி முடிச்சும் கற்றேன். சமையலறை மேசையில் அற்புதமாக வருகிறது. காற்றடிக்கும் ஏரியில் கட்டினால் அரைமணி நேரம் போய், மிஞ்சுவது இடியாப்பச் சிக்கல்.

சிக்கலெல்லாம் பையில் சேரும். படகுத்துறைத் தூணில் வேண்டாத நரம்பைப் போட பிவிசி குழாய் ஒன்று பொருத்தியிருக்கிறார்கள், மறுசுழற்சிக்குப் போகும். மோனோவும் ஃப்ளூரோகார்பனும் போடலாம், பின்னல் கூடாது. போன வாரம் நின்று நிதானமாகப் பிரித்துப் பிரித்துக் குழாயை நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்த ஊழியர், ஏரியைச் சுத்தம் செய்ய வந்த தன்னார்வலர் என்று நினைத்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். என்னால் முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.