அரோகரா முந்தி, டிவி பிந்தி!

கேள்வி: அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுபவர்களுக்குத் தனி டிவி சேனல் உண்டாமே? நமக்கு எப்போது வந்தது?
– வாசகி, பேகோபுரத் தெரு, திருவண்ணாமலை.

பதில்: உண்டு தாயே! டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1955-லேயே தொடங்கிவிட்டார்கள். இன்றைய ஸ்பானிஷ் சேனலான யூனிவிஷனுக்கு மூதாதை அந்த நிலையம்தான். நமக்கு 1975 ஆகஸ்ட் 15-ல் மெட்ராஸ் தூர்தர்ஷன் வந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ சினிமாப் பாட்டு நிகழ்ச்சி நேரத்தில் டிவி இருந்த வீட்டுக்காரருக்கே உட்கார இடம் கிடைக்காது. படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்தால் ஒருவர் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்ப, “போதும்டா, நிறுத்து!” என்று கீழே பத்துப் பேர் கத்துவார்கள். 1982-ல் டெல்லியின் தேசிய ஒளிபரப்பு வந்தது. இரவானால் இந்தி! பாதி ஊர் அப்போதுதான் சாப்பிட எழுந்தது.

1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. மெட்ராஸ் தூர்தர்ஷன் பிறகு பொதிகையாகி, 2024-ல் டிடி தமிழ் ஆனது. பெயர் மாற்றுவதில் அரசு அலுவலகத்துக்கு உள்ள சுறுசுறுப்பே தனி!

இப்போது உங்கள் ஊர்க் கார்த்திகை தீபத்தையும் டிவி நேரலையில் பார்ப்பது உலகத் தமிழருக்குப் பெரும் வரம். மலையடிவாரத்தில் இருந்துகொண்டு நீங்களும் அதை டிவியில்தான் பார்க்கிறீர்களா? சிக்னல் 36,000 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்ப வேண்டும். நடுவே இயந்திரங்களின் தாமதம் வேறு. மாடியில் நிற்பவர்கள் “அரோகரா!” போட்ட பிறகுதான் உங்கள் ஹாலில் தீபம் எரியும். சீரியலுக்கு டிவி போதும். 2,668 அடி மலைக்கு மாடிப்படி ஏறுங்கள்.