பெரியவர் பொம்மை: இலக்கணமும் புறனடையும்

பொம்மையாவது, குழந்தை உடைப்பதற்கென்று செய்யப்படுவது. பெரியவர் பொம்மையாவது, குழந்தையின் கைக்கு எட்டாமல் காக்கப்படுவது. பின்னதன் இலக்கணத்தை முறையாக வகுப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

இதன் தோற்றத்தை 1999 என்று கொள்க. அவ்வாண்டு ஹாங்காங் ஓவியர் மைக்கேல் லாவ், தெருவில் திரியும் இளவட்டங்களைப் போல 99 உருவங்கள் செய்து ‘கார்டனர்’ என்ற பெயரில் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு அமெரிக்க ஓவியர் காஸ், கண் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்ட ‘கம்பானியன்’ பொம்மையை ஜப்பானில் 500 மட்டும் வெளியிட்டார். 501ஆவது ஆள் வந்து கேட்ட கணத்தில் பொம்மை கலைப்பொருள் ஆயிற்று என்பது என் துணிபு.

அடுத்து அளவு. 2001இல் வந்த ஜப்பானியக் கரடி ‘பேர்பிரிக்’குக்கு 7 செ.மீ. உயரம் நூறு சதவீதம், 70 செ.மீ. ஆயிரம் சதவீதம். கணக்கில் குறையில்லை. பீரோவில்தான் இடமில்லை.

இவற்றை வைத்து விளையாடுவாருண்டோ எனின், இல்லை. கொலுப்பொம்மையை வைத்தும் விளையாடுவதில்லையே எனின், அது ஆண்டுக்கொரு முறையாவது பெட்டியைவிட்டு வெளியே வரும் என்க. அப்படியாயின் விளையாட்டு எங்கே போயிற்று? கடைக்குப் போயிற்று. பிளைண்ட் பாக்ஸ் என்னும் மூடிய பெட்டியில் தொடரின் எந்த உருவம் இருக்கிறதென்று காசு கொடுத்த பிறகே தெரியும். ஆகவே, மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்குகிறார். சத்தம் ‘டொக்’கா ‘டக்’கா என்று ஆராய்கிறார். இன்னும் தேர்ந்தவர் கிராம் தராசோடு வருகிறார். இப்பெட்டிகளை விற்கும் சீன நிறுவனமான பாப் மார்ட்டின் தொடர்கள் பலவற்றில் ரகசிய உருவம் 144 பெட்டிக்கு ஒன்று. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிக் குலுக்கல் என்று கொண்டால், 144 வாங்கிய பிறகும் அது கிடைக்காமற்போக ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. இக்கணக்கைச் சேகரிப்பாளரிடம் சொன்னால், 63 சதவீதம் நல்ல மார்க்தானே என்பார்.

இது சிறுபிள்ளைத்தனம் என்பாருக்கு அரசாணையே விடை. சீனச் சந்தை ஒழுங்குமுறைத் துறையின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 8 வயது நிரம்பாதவருக்குப் பிளைண்ட் பாக்ஸ் விற்கலாகாது. சிறுபிள்ளைகளுக்கே விலக்கப்பட்டது சிறுபிள்ளைத்தனம் ஆகுமா?

முதலீடு என்று வாதிடுவாரும் உளர். ஓவியர் காசிங் லுங் 2015இல் படைத்த பல்லிளிக்கும் லபூபு பொம்மைகளில் 131 செ.மீ. உயரமுள்ள ஒன்று, 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் 10.8 லட்சம் யுவானுக்குப் போனது உண்மையே. கைப்பையில் தொங்கும் சாண் உயர லபூபுவை வைத்துக்கொண்டு அந்த ஏலத்தைப் பேசுவோரை நாம் மறுக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ளவர்களே மறுப்பார்கள்.

எஞ்சியது, பிரிப்பதா காப்பதா என்னும் சிக்கல். பிரிக்காத பெட்டிக்குள் ரகசிய உருவம் இருப்பதாகக் கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கலாம். பிரித்தவருக்கு அந்த வசதி கிடையாது. எனவே இரண்டு வாங்கி, ஒன்றைப் பிரித்து, மற்றதைப் போற்றுவதே நெறி. பிரித்ததில் பிடிக்காத நிறம் வந்துவிட்டால், போற்றியதில் கைவைக்கும்முன் மூன்றாவதை வாங்கிவிடுக.