பணி நிரந்தரமும் சம்பள பாக்கியும்: கேள்வி-பதில்

கே: 16 வருஷமாக ஒரே ஆபீஸில் வவுச்சரில் சம்பளம் வாங்கும் ஊழியர். "நீ தற்காலிகம்தானே" என்கிறார்கள். நிரந்தரம் கேட்க எனக்கு உரிமை உண்டா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: 16 வருஷம் தேவைப்பட்ட வேலை எப்படித் தற்காலிகம் ஆகும்? தாராளமாகக் கேளுங்கள். மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்களுக்கும் 'பகுதி நேரம்' என்றுதான் பெயர். வேலையோ அன்றாடம், வருஷக்கணக்கில். 2018-இல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் தோற்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வேலையும் போயிற்று. டெல்லி உயர் நீதிமன்றத்திலும் தோல்வி. அதற்கு மேலும் விடாமல் போனார்கள். 2024 டிசம்பர் 20 அன்று, ஜக்கோ வழக்கில், அவர்களை உடனே நிரந்தரமாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெளியே நின்ற காலத்துக்குச் சம்பளம் இல்லை. ஆனால் ஓய்வுக்காலப் பலன்களுக்கு அந்தக் காலமும் சேரும்.

கே: எதைக் கேட்டாலும் அதிகாரி 'உமாதேவி தீர்ப்பு' என்கிறாரே?

ப: பாதித் தீர்ப்பைத்தான் சொல்கிறார். 2006 ஏப்ரல் 10-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தந்த தீர்ப்பு அது. கொல்லைப்புற நியமனத்தை நிரந்தரமாக்கக் கூடாது என்றது உண்மை. அது நியாயமும்கூட, வரிசையில் காத்திருப்பவனும் நம் பிள்ளைதான். ஆனால் ஒப்பளிக்கப்பட்ட பணியிடத்தில், உரிய தகுதியோடு, நீதிமன்ற உத்தரவின் துணையில்லாமல் அதற்குள் 10 ஆண்டு உழைத்திருந்தவர்களை ஒருமுறை நடவடிக்கையாக நிரந்தரமாக்கச் சொன்னதும் அதே தீர்ப்பு. அந்த நடவடிக்கையில் விடுபட்டவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று 2010-இல் கேசரி வழக்கு தெளிவாக்கியது. மீதிப் பாதியை நீங்கள் சொல்லுங்கள்.

கே: பக்கத்து நாற்காலிக்காரருக்கு முழுச் சம்பளம், அதே வேலைக்கு எனக்குப் பாதி.

ப: 2016, ஜக்ஜித் சிங் வழக்கு. அதே வேலை, அதே பொறுப்பு என்று நிரூபித்தால், தற்காலிக ஊழியருக்கும் அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத்தைத் தர வேண்டும். நிரூபிப்பது உங்கள் கையில்.

கே: எங்கள் அரசுக் கழகத்தில் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. 'நஷ்டம், அரசு பொறுப்பல்ல' என்கிறார்கள்.

ப: பீகாரிலும் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே அரசு நிறுவன ஊழியர்கள் பட்டினியால் மாண்டார்கள். 2003-இல் கபிலா ஹிங்கோரானி வழக்கில், மாநில அரசு அப்படிக் கைகழுவ முடியாது என்ற உச்ச நீதிமன்றம், 50 கோடி ரூபாயை உயர் நீதிமன்றத்தில் கட்டச் சொன்னது. உழைத்தவன் கேட்பது சொந்தப் பணம். கெஞ்ச வேண்டியதில்லை.

கே: எங்கே வழக்குப் போடுவது?

ப: புதுச்சேரி அரசுத் துறை ஊழியர் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. கழக ஊழியர் என்றால் சென்னை உயர் நீதிமன்றம், அல்லது தொழிலாளர் நீதிமன்றம்.

கே: அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

ப: தவறு. பதில் வராவிட்டால் ஆறு மாதம் பொறுத்து, அதற்கடுத்த ஓராண்டுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு இப்போதே வக்கீலைப் பாருங்கள். சம்பளக் குறைவு மாதந்தோறும் தொடரும் குறை என்றாலும், பொதுவாக வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டு பாக்கிதான் கிடைக்கும் (தர்சேம் சிங் வழக்கு, 2008).

கே: தனியாகப் போக பயமாக இருக்கிறது.

ப: தனியாக ஏன்? ஒரே குறை உள்ளவர்கள் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு ஒரே மனுவில் சேரலாம். செலவும் பயமும் பங்காகும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி மில் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தபோது, எட்டு மணி நேர வேலையை யாரும் தனியாகக் கேட்டிருக்கவில்லை.

கே: நியமன ஆணையே தரவில்லை. எதைக் காட்டுவேன்?

ப: வங்கி பாஸ்புக், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண், வேலை ஒதுக்கிய சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். வருகைப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அலுவலகத்தில் கொடுக்கும் மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.