நடுப்புல் ஆராய்ச்சி

இங்கிலாந்தின் கிராமத்துச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றி இதுகாறும் எழுதியோர் மேட்டைப் பாடினர், பள்ளத்தைப் பாடினர், உயிர்வேலியைப் பாடினர். கண்ணுக்கு நேரே நீண்டு கிடக்கும் தலையாய பொருளை ஒருவரும் தொட்டாரில்லை. டெவன், டார்செட், ஹெர்ஃபோர்ட்ஷயர் பக்கத்துச் சின்னச் சாலைகளில், நட்டநடுவில், தார்மேல் ஒரு கோடாகப் புல் முளைத்து நிற்கும். அதனை நடுப்புல் என்க. ஒரு சாலை அமைதியான சாலைதானா என்பதற்கு நடுப்புல் ஒன்றே சான்று, ஏனைய யாவும் சான்றுபோலத் தோன்றும் வேடிக்கைகள் என்பதே இக்கட்டுரையின் துணிபு. மேடுகள் பற்றி: உள. காற்று பற்றி: எதிர்க்காற்று. தேநீரும் கேக்கும் பற்றிப் பிறர் வயிறார எழுதிவிட்டனர். ஆகவே புல்லுக்கு வருவோம்.

நடுப்புல் தோன்றுமாறு: ஒரு கார் மட்டுமே போகும் அகலமுள்ள சாலையில் எல்லா வண்டியின் சக்கரங்களும் அதே இரண்டு தடங்களில்தான் உருளும். இடைப்பட்ட பட்டையை மிதிப்பார் இல்லை. டிராக்டர் உதிர்த்த சேறும் வேலியிலிருந்து விழுந்த இலைமக்கும் அங்கே ஒதுங்கும். முதலில் பாசி வரும். பாசி ஈரத்தைப் பிடித்து வைக்க, புல் வரும். மிதிபட்டாலும் சாகாத வாழை இலைச் சாயல் கொண்ட பிளான்டெயின் வரும். கசக்கினால் அன்னாசிப் பழம் மணக்கும் ஒரு குட்டிக் களையும் வரும். இது இங்கிலாந்தின் சொந்தச் செடி அன்று. 19ஆம் நூற்றாண்டில் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து தப்பி, பிறகு டயர் பள்ளங்களில் ஒட்டிய சேற்றோடு நாடெங்கும் சவாரி செய்தது என்பர். இங்கே ஒரு தடை எழும்: டயரால் பரவும் செடி வண்டி வரத்துக்கன்றோ சான்று, அமைதிக்கு எப்படிச் சான்றாகும்? ஆகும். வண்டியே வராத வழியில் அச்செடி வந்து சேராது. ஓயாமல் வரும் வழியில் வேரூன்றாது. எப்போதாவது ஒன்று வரும் சாலையில் மட்டுமே இரண்டும் கூடும். சைக்கிள்காரர் தேடுவதும் அச்சாலையைத்தான்.

பிற சான்றுகள் ஏன் ஆகா எனின், கூறுதும். ஏ, பி என்று சாலைகளுக்கு எழுத்திட்டது அரசு. சி வகைச் சாலையின் எண்ணோ பெரும்பாலும் பலகையிலேயே வராது. ஆர்டினன்ஸ் சர்வே வரைபடம் இன்னும் நுட்பமானது. ஏற்றம் 14 முதல் 20 சதவீதமானால் ஒரு அம்புக்குறி, அதற்கு மேலென்றால் இரண்டு. சாலை 4 மீட்டருக்கு மேலா கீழா என்பதையும் கோட்டின் தடிமனால் காட்டும். தேவாலயமா? சதுரக் கோபுரமா, கூர்ங்கோபுரமா, இரண்டும் அற்றதா என்று தனித்தனிக் குறி. இத்தனையும் பார்த்துப் பார்த்துக் குறித்தவர்கள் காலடியில் கிடந்த புல்லுக்கு ஒரு புள்ளி வைத்தாரில்லை. சட்டத்தை நம்பலாமோ எனின், அதுவும் ஆகாது. வேறு பலகை இல்லாத இடத்தில் இந்த ஒற்றைச் சாலைக்கும் சட்டம் விதித்த வேக வரம்பு மணிக்கு 60 மைல். ஒரு பெட்டைக்கோழி படுத்திருக்கும் திருப்பத்தில் 60 மைல் செல்லலாம் என்னும் சட்டத்தை அமைதிக்குச் சாட்சியாக அழைப்பது முறையன்று.

இனி, நடுப்புல்லால் சைக்கிள் உலகம் இரண்டாகப் பிளந்த வரலாறு. இடது தடத்தில் ஓட்டுவோர் இடகலையார். வலது தடத்தில் ஓட்டுவோர் வலகலையார். எதிரே வண்டி வருமென்பது இடகலையாரின் முதல் ஏது. வலகலையார் மறுப்பது: ஆகஸ்ட் வரை வேலி வெட்டத் தடை, செப்டம்பரில் வெட்டு இயந்திரங்கள் கிளம்பியதும் ஹாதார்ன் முள்ளும் பிளாக்தார்ன் முள்ளும் இடது தடத்தில் சிதறும், 28 மில்லிமீட்டர் டயர் என்னாவது? வலது பக்கமும் வேலிதான் என்பதை வலகலையார் மறந்தனர். இதனைச் சுட்டும் இடகலைப் பழைய உரை ஒன்று உளது. அவ்வுரையின் விளிம்பில், ‘மழை நாளில் தடம் மாறுவோர் புல்லை நேராகக் கடக்க, சாய்ந்து கடவற்க, கடக்கும்போது பிரேக் தொடற்க’ என்று பென்சிலில் ஒரு குறிப்பு. ஈரப்பாசியில் முன்சக்கரம் வழுக்கும் விதம் அறிந்தவர் கை அது. அக்குறிப்பு வலகலையார் இடைச்செருகல் என்று ஒரு சாரார் வாதிட, குறிப்பின் மேல் படிந்த தேநீர்க் கறையை அளந்து, கறை வட்டத்திலிருந்து கோப்பையின் அளவையும், கோப்பையிலிருந்து கடையையும், கடை சாலையின் எந்தப் பக்கம் இருந்தது என்பதிலிருந்து எழுதியவர் கலையையும் மற்றொரு சாரார் நிறுவினர். அக்கறை சூப்பு என்று கண்டறிந்தவர் பின்னர் எக்கருத்தரங்குக்கும் அழைக்கப்படவில்லை. புல்மேலேயே ஓட்டும் நடுநிலையாரும் சிலர் இருந்தனர். அவர்கள் எழுதியது எதுவும் கிடைக்கவில்லை. பலகாலம் ஓட்டியதாகவும் தெரியவில்லை.

நடுப்புல் என்பது கவுன்சிலிடம் காசில்லாமையின் விளைவு, அமைதியின் விளைவன்று என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? காசில்லாமைக்குச் சான்று குழி. அது எல்லா ஊரிலும் தாராளமாகக் கிடைக்கும், புல்லை அதற்கு இழுக்க வேண்டியதில்லை. கவுன்சில் ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும் நாளெல்லாம் லாரி ஓடும் சாலையில் புல் நிற்காது. ஆடு மேய்ந்துவிட்டால் சான்று அழியுமே என்பர் வேறு சிலர். ஆடு தான் எடுத்துக்கொண்ட இடத்தில் அடையாளம் விட்டே செல்லும். மேற்கோள் காட்டாமல் எடுத்தாளும் அறிஞரிடம் இந்நேர்மை காணற்கரிது.

அளவை இல்லாத துறையை ஆய்வென்று ஒப்பார் என்பதால் ஒரு விதியும் தர வேண்டியுள்ளது. முன்மாதிரி இல்லாமல் இல்லை. மேக்ஸ் ஹூப்பர் என்னும் சூழலியலார், 30 கஜ நீள வேலியில் எத்தனை வகை மரமும் புதரும் நிற்கின்றனவோ ஏறத்தாழ அத்தனை நூற்றாண்டு அவ்வேலியின் வயது என்றார். நடும்போதே பல வகை கலந்து நட்டிருந்தால் என்ன செய்வது, மண்ணுக்கு மண் மாறாதா என்று பின்வந்தோர் ஐயுற்றனர். விதி தளர்ந்தது, ஆயினும் அதை நாட்டியும் மறுத்தும் எழுதியோர் எவருக்கும் உத்தியோகம் போகவில்லை என்பது குறிக்கத்தக்கது. அத்துணிவில் எமது விதி: நடுவை ஒட்டி ஓட்டுகையில், பெடல் கீழே வரும் கணத்தில் புல்நுனி ஷூவைத் தொடாவிடின் அச்சாலையில் கார்கள் உண்டு. ஷூவின் அடியைத் தொடின் தபால் வண்டியும் ஒரு விவசாயியும் மட்டும். காலுறையை நனைப்பின் விவசாயி மட்டும், அவரும் ஞாயிறன்று வாரார். செயினில் சிக்கின் அது சாலையன்று, யாருடையதோ வயல். நாய் வருமுன் திரும்புக. 30 கஜத்துக்கு ஒருமுறை இறங்கி அளப்பது நலம். ஏற்றத்தில் இவ்வாறு இறங்குவோரை மூச்சு வாங்க இறங்கினார் என்று பிறர் எண்ணக்கூடும். கையில் அளவுகோல் இருந்தால் அவ்வாறு சொல்ல இயலாது, இதுவும் இவ்விதியின் பயன்களுள் ஒன்று.

கடைசித் தடை ஒன்றுண்டு: தலையை நிமிர்த்தினால் பசும்புல் வெளியும் செம்மறியும் தொலைவில் தேவாலயக் கோபுரமும் தெரிய, குனிந்து சாலையையே பார்ப்பானேன்? பள்ளம் நோக்கி இறங்குகையில் சாலையைப் பார்க்காதவர் தடைகளை எழுப்பும் நிலையில் நீண்ட காலம் இருப்பதில்லை. இத்தனை ஆய்ந்தும் பயன் என்ன என்று கேட்போர் இத்துறைக்கு உரியர் அல்லர். அவர்களுக்கென்றே ஏ சாலைகள் திறந்து கிடக்கின்றன.