கோல்டன் இருக்கா மேடம்?

சென்னையில் ஏதாவது ஒரு நாய்க் காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டுப் பாருங்கள். லைன் பிஸியாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருப்பவர் கோல்டன்காரர்.

“மேடம், தத்தெடுக்கலாம்னு இருக்கோம். வாயில்லா ஜீவன். ஏதோ நம்மால ஆனது.”

“ரொம்ப நல்லது சார். இங்க நூத்துக்கு மேல இருக்கு, ஒரு நாள் வந்து…”

“கோல்டன் ரெட்ரீவர் இருக்கா?”

அதிலும் ஆண் குட்டியாக வேண்டும். வெளிர் நிறம், தடுப்பூசி முடிந்தது, வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாதது. கேசிஐ பேப்பர் இருந்தால் இன்னும் விசேஷம். காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கும் அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இவ்வளவும் இருந்தா அதை ஏன் சார் ரோட்ல விடப்போறாங்க?” என்பார். கோல்டன்காரருக்கு அது ஒரு பதிலாகவே படாது. “வந்தா சொல்லுங்க மேடம், நம்பரை சேவ் பண்ணிக்குங்க” என்பார்.

“நாட்டு நாய் இருக்கு சார், நல்லாப் பழகும்.”

“வீட்ல குழந்தைங்க இருக்காங்க மேடம்.”

அந்தப் பேச்சுக்கும் இந்தப் பதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் எல்லாக் கோல்டன்காரர்களும் இதைத்தான் சொல்வார்கள். இவர் வீட்டில் அரிசி மாப்பிள்ளைச் சம்பா. எண்ணெய் மரச்செக்கு. சர்க்கரை நாட்டுச் சர்க்கரை, முட்டை நாட்டுக்கோழி முட்டை. 2017-இல் மெரினாவுக்குப் போய் நாட்டு மாட்டுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தியவர். நாய் மட்டும் ஸ்காட்லாந்திலிருந்து வர வேண்டும்.

ஸ்காட்லாந்தைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்துவிடாதீர்கள். யூடியூபைக் கரைத்துக் குடித்திருக்கிறார். 1868-இல், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆனவர், மலைநாட்டில் இருந்த தம் எஸ்டேட்டில் நவுஸ் என்ற மஞ்சள் ரெட்ரீவரையும் பெல் என்ற ஸ்பேனியலையும் சேர்த்த கதையில் ஆரம்பிப்பார். சுட்டு விழுந்த வாத்தைக் குளிர்ந்த நீரில் நீந்திப் போய்ப் பல் படாமல் கவ்விவர உருவான இனம் இது என்பார். அதற்காகவே உடம்பில் இரண்டடுக்கு ரோமம் என்பார். அந்த இரண்டடுக்கையும் சுமந்துகொண்டு அந்த ஜீவன் அக்னி நட்சத்திரத்தில் மேடவாக்கத்தில் என்ன செய்யும் என்பது மட்டும் அவர் பார்த்த வீடியோவில் வரவில்லை.

ஆளை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. நாயைக் காசுக்கு வாங்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு உண்மையாகவே உண்டு. வாங்கினால் எக்கச்சக்கமாக ஆகும் என்ற எண்ணமும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். புண்ணியமும் சேர வேண்டும், வாக்கிங் போகும்போது எதிர்வீட்டுக்காரர் நின்று “என்ன ப்ரீட் சார்?” என்று கேட்கவும் வேண்டும்.

விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் கிடைக்கத்தான் செய்கிறது. கோல்டன்களும் காப்பகத்துக்கு வருகின்றன, அதுதான் கொடுமை. ‘45 நாள் குட்டி’ என்று விளம்பரம் போட்டு விற்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று, விளம்பரம் நிற்கவில்லை. பிறந்தநாள் கேக்கோடு வீட்டுக்கு வரும் குட்டி, வருஷம் திரும்புவதற்குள் முப்பது கிலோவை நெருங்குகிறது. பிறகு அதற்கு உண்ணிக் காய்ச்சல் வருகிறது, ஐயாவுக்கு ஆன்சைட் வருகிறது. ஓ.எம்.ஆர். பக்கம் ஆளில்லாத தெருவாகப் பார்த்து ஒரு கார் நிற்கும், கதவு திறக்கும், கார் போய்விடும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். நல்ல ஹோட்டலில் ஒரு காபிக்கே அதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

ஆகவே ஒரு நாள் போன் வரும்.

“கோல்டன் வந்திருக்கு சார். பொண்ணு, ஆறு வயசு. குட்டி போடவே வெச்சிருந்திருக்காங்க. இனிமே போடாதுன்னு தெரிஞ்சதும் விட்டுட்டுப் போயிட்டாங்க. லக்கின்னு பேர் வெச்சிருக்கோம்.”

அனுப்பிய போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். “முகமெல்லாம் நரைச்சிருக்கே மேடம்?”

“உங்களுக்கும் மீசையில இருக்கு சார், டிபியில பார்த்தேன்.”

அதோடு ஆட்டம் மாறும். இதுவரை கேள்வி கேட்டவர் இனிமேல் பதில் சொல்ல வேண்டும். வீடு சொந்தமா, வாடகையா? ஓனர் சம்மதித்தாரா? பகலில் வீட்டில் யார்? ஊருக்குப் போனால் எங்கே விடுவீர்கள்? ஆதார் நகல் எங்கே? அந்தப் பெண் நேரில் வந்து பால்கனிக் கம்பிகளுக்கு இடையில் கையை விட்டு இடைவெளி பார்ப்பார். “வீட்டுக் கடனுக்குக்கூட பேங்க்ல இவ்வளவு குடையல” என்று மனைவியிடம் முணுமுணுத்தபடி கையெழுத்துப் போடுவார் கோல்டன்காரர்.

நாயைப் பார்க்கப் போகும்போது கையோடு ஒரு டென்னிஸ் பந்து வாங்கிக்கொள்வார். எடுத்து வருவதற்கென்றே நூற்றைம்பது வருஷமாக வளர்த்த இனமாயிற்றே. எறிவார். லக்கி பந்து போவதைப் பார்க்கும். எறிந்தவரைப் பார்க்கும். போட்டவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று முன்னங்கால்மேல் தாடையை வைத்துப் படுத்துவிடும். பந்து உருண்டு அடுத்த கூண்டோரம் போய் நிற்கும். அங்கே ஒரு கறுப்பு நாட்டு நாய். கம்பிக்கு வெளியே காலை விட்டு நிமிண்டி நிமிண்டிப் பந்தை உள்ளே இழுத்து, வாயில் கவ்விக்கொண்டு அவருக்கு நேராக வந்து நின்று வாலாட்டும்.

“ஸ்மார்ட்டா இருக்கே” என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

லக்கி வந்த வீட்டில் கறுப்பு பேன்ட்டுக்கு இடமில்லை. இட்லி மாவில், மூக்குக்கண்ணாடி உறையில், லேப்டாப் எழுத்துகளுக்கு நடுவில், எங்கும் பொன்னிற முடி. விலை கொடுத்து வாங்கிய மெத்தையை அது திரும்பியும் பார்க்காது. பாத்ரூம் வாசல் ஈரத் தரையில் பின்னங்கால் இரண்டையும் தவளைபோலப் பரப்பி, வயிறு ஒட்டப் படுத்திருக்கும். ஏழு மணிக்கு எழுப்பினாலே சண்டைக்கு வந்தவர், தார் ரோடு சுடுவதற்கு முன் வாக்கிங் போக வேண்டும் என்று ஐந்து மணிக்கே செருப்பை மாட்டுவார். இரவில் செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுவார். அகப்பட்டதை இடுக்கியால் பிடுங்கி ஸ்பிரிட்டில் போட்டு, பாட்டிலை மனைவியிடம் பெருமையாகக் காட்டுவார்.

அவர் அம்மாவின் வருத்தம் வேறு. “போன மே மாசம் எனக்கு வேர்க்குதுடான்னேன், ஃபேனை அஞ்சுல வைம்மான்னான். இப்ப லக்கிக்கு மூச்சு வாங்குதாம், பகல் பூரா ஏசி ஓடுது. ஓடட்டும். நானும் அதுகூடவே போய்ப் படுத்துக்கறேன், எனக்கென்ன.”

இந்தக் கட்டத்தைத் தாண்டியதும் கோல்டன்காரர் பிரசாரகர் ஆகிவிடுவார். கல்யாண ரிசப்ஷனில் முன்பின் தெரியாதவரை மடக்கி, “கடையில வாங்காதீங்க சார். நாங்க ரெஸ்க்யூ பண்ணினோம்” என்பார். ஓ.எம்.ஆரில் இறங்கி நாயைத் தூக்கியதே இவர்தான் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். இவர் திருத்த மாட்டார். நாயை லிஃப்டில் ஏற்றாதீர்கள் என்று அசோசியேஷன் செயலாளர் ஆரம்பித்தால், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 சுற்றறிக்கையை நீட்டுவார். அப்படித் தடை போட யாருக்கும் அதிகாரமில்லை என்கிறது அது. லாமினேட் பண்ணி வைத்திருக்கிறார்.

எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை ப்ரீடைக் கேட்கவில்லை. தோல் வியாதிக்காக அங்கங்கே முடி வெட்டிய லக்கியைப் பார்த்து, “ரொம்ப வயசாயிடுச்சோ?” என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆறு வயது நாயின் காதுக்கு வேளை தவறாமல் மருந்து விடுகிற ஆள் ஊரில் எத்தனை பேர்? அதனால் கோல்டன்காரரைத் திட்டிக்கொண்டேயாவது வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவர் இப்போது லக்கிக்குத் துணையாக இன்னொன்று தேடுகிறார். அதுவும் கோல்டன்தான்.

அந்தக் கறுப்பு நாய்க்கு இன்னும் யாரும் வரவில்லை. மூன்று வயது. தடுப்பூசி, கருத்தடை இரண்டும் ஆயிற்று. வெயில் தாங்கும், பந்தும் எடுத்து வரும். வீட்டில் இடமிருப்பவர்கள் ஒரு போன் போடுங்கள். ஆதார் நகல் மறக்க வேண்டாம்.