ஊறுகாய் ஜாடியில் ஒரு லிப்போ

எங்கள் வீட்டில் காலையும் மாலையும் உடல்நிலை விசாரிக்கப்படும் ஒரே ஜீவன், பழைய ஊறுகாய் ஜாடிக்குள் படுத்திருக்கும் ரிமோட் விமானத்தின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. "எனக்கு சுகர் எவ்வளவுன்னு தெரியுமா?" என்று மனைவி கேட்டால் விழிப்பேன். பேட்டரியின் மூன்று செல்லும் தனித்தனியே எத்தனை வோல்ட் என்று கேளுங்கள், தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை சொல்வேன்.

மூன்று செல் இருந்தால் உறையில் 3 எஸ் என்று போட்டிருக்கும். ஒரு செல்லுக்குப் பெயரளவில் 3.7 வோல்ட், ஆக மொத்தம் 11.1. முழுதாக ஏறினால் செல்லுக்கு 4.2. சும்மா இருக்கும்போது 3க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த செல்லை மறந்துவிடலாம். மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியும் எத்தனை செல் தாங்கும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். 3 எஸ் போதும் என்கிற விமானத்தில், 'ஒன்று கூடத்தான் இருக்கட்டுமே' என்று 4 எஸ் மாட்டும் தாராளம் புகையில் முடியும்.

அடுத்து, எவ்வளவு கொள்ளும் என்பது. என்னுடையது 2200 மில்லி ஆம்ப் அவர். இதை முழுக்க உறிஞ்சக் கூடாது. 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டால் 1760. சராசரியாக 15 ஆம்ப் இழுக்கும் விமானம் அதில் 7 நிமிடம் பறக்கும். இந்தக் கணக்கை வெள்ளைத்தாளில் போட்டுப் பெருமையாகக் காட்டினேன். "ஏழு நிமிஷத்துக்கா இவ்வளவு காசு?" என்றாள். 5000 வாங்கிவிட்டால் அவள் வாயை அடைத்துவிடலாமே என்று ஆசை வந்தது. ஆனால் எடை இரண்டு மடங்குக்கு மேல் போகும். கனத்த விமானம் காற்றில் நிற்க வேகமாகப் பறந்தாக வேண்டும், அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும், தரையிறங்கும்போதும் வேகம் குறையாது. கொள்ளளவு இரட்டித்தால் பறக்கும் நேரம் இரட்டிக்காது.

உறையில் உள்ளதிலேயே பெரிய எழுத்தில் இருப்பது சி என்கிற எண். 25 சி என்றால் கொள்ளளவைப் போல் 25 மடங்கு: 2.2ஐ 25ஆல் பெருக்கினால் 55 ஆம்ப் வரை தொடர்ந்து தரும் என்று பொருள். மனை விளம்பரத்தில் 'தாம்பரத்திலிருந்து 10 நிமிடம்' என்று போடுவார்களே, அந்த ரகம் இது. அப்படியொரு மனையை நான் வாங்கியும் இருக்கிறேன் என்பதால் இந்த விஷயத்தில் என் கருத்துக்கு வீட்டில் மதிப்பில்லை. ஆகவே எண்ணை நம்பாமல் உள்மின்தடையைப் பார்க்கிறேன். நல்ல சார்ஜர்கள் அதை மில்லி ஓம் கணக்கில் காட்டும். அது குறைவாகவும், மூன்று செல்லிலும் ஏறக்குறைய சமமாகவும் இருந்தால் சரக்கு நல்லது. வயதானால் அது ஏறும். த்ராட்டிலைத் தூக்கியதும் வோல்ட் தொய்ந்துவிடும்.

சார்ஜ் ஏற்றுவதற்கு 1 சி, அதாவது 2.2 ஆம்ப். வெள்ளை நிற பேலன்ஸ் ஒயரையும் மாட்ட வேண்டும், அப்போதுதான் மூன்று செல்லும் ஒரே மட்டத்தில் நிறையும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். தீப்பற்றும் வாய்ப்பு இருப்பதால் அதுவரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது. மொசைக் தரையில், ஒரு வாளி மணலோடு உட்கார்ந்திருப்பேன். "அடுப்புல பால் இருக்கு, பார்த்துக்குங்கன்னா ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டீங்க!" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். பதில் சொல்ல எனக்கு வசதியில்லை.

முழுதாக ஏற்றி வைத்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மழை பெய்யும். நிறைந்த பேட்டரியை நாள்கணக்கில் போட்டு வைத்தால் உள்ளே வாயு உண்டாகி உப்பும். எனவே செல்லுக்கு 3.8 வோல்ட் வரும்வரை இறக்கி வைக்க வேண்டும். சிறிய சார்ஜரில் ஏற்றுவதைவிட இறக்குவதற்கு நேரம் அதிகம். "காலையில கரண்டை ஏத்தினாரு, சாயங்காலம் இறக்கிட்டிருக்காரு" என்று மைத்துனியிடம் போனில் நேர்முக வர்ணனை நடக்கும்.

லிப்போவும் அடங்கும் குடும்பமான லித்தியம் அயான் பேட்டரிக்காக 2019இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கொடுத்தார்கள் என்று ஒருமுறை எடுத்துவிட்டேன். அவர்களில் குட்எனஃப் அப்போது 97 வயதுக்காரர், நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர். "அவர் அந்த வயசுல நோபல் வாங்கியிருக்கார். நீங்க இந்த வயசுல பொம்மை ப்ளேன் வாங்கியிருக்கீங்க" என்று பேச்சு முடிந்தது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று இன்னொரு வகை உண்டு. சாதுவானது, ஆனால் அதே வேலைக்கு எடை கூடுதல், செல்லுக்கு 3.6 வோல்ட்டோடு நிறைந்துவிடும். அதை லிப்போ முறையில் ஏற்றிவிடாதீர்கள்.

முதல் விமானத்துக்குப் பேட்டரி தேடுகிறவர்கள் தயாரிப்பாளர் சொன்ன செல் எண்ணிக்கையையும் எடையையும் மீறாதீர்கள். தேவைக்குச் சற்றே கூடுதலான சி போதும், 100 சிக்கு ஏங்க வேண்டாம். மிச்சப் பணத்தில் செல் செல்லாக வோல்ட் காட்டும் நல்ல சார்ஜர் வாங்குங்கள். உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்க்காமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.