வாய்க்குள்ள ஒரு வாட்ச்மேன்

இன்னாடா பேராண்டி, பாட்டிலு கூவுது? அரை மணிக்கு ஒருக்கா 'தண்ணி குடி'ன்னு சொல்ல ஆப்பாமே? மாடு கன்னுக்கு எவன்டா ஆப்பு வெச்சான்?

உங்க தரமணி ஆபீஸு கேட்டுல டேக் இல்லாதவன உள்ள வுடுறானா? உன் எச்சில் சுரப்பியிலயும் அப்பிடி ஒரு கேட்டு கீது. பேரு அக்வாபோரின், ஒரு புரதம். தண்ணிய மட்டும் வுடும். உப்பு வந்து நின்னா, 'ஓரம் போ' தான். எறும்பு வரிசையாட்டம் ஒண்ணு பின்னால ஒண்ணு, ஆனா நொடிக்குக் கோடிக்கணக்குல. காலையில 9 மணிக்கு உங்க லிஃப்ட்டாண்ட நிக்கிற கும்பலப் பாத்தா எனக்கு சிரிப்பு வருதுடா.

இந்தக் கேட்டக் கண்டுபிடிச்சது பீட்டர் அக்ரேன்னு ஒரு அமெரிக்காக்காரரு. ரத்தத்துல இருந்த இந்த வகைப் புரதத்த தவளை முட்டையில உண்டாக்கி, வெறுந்தண்ணியில போட்டாங்க. முட்டை உப்பி, பட்டுன்னு வெடிச்சுது. அது 1992. நோபல் குடுத்தது 2003.

இந்தப் புரதத்துல பல வகை கீது, எச்சில் சுரப்பியில கீறது அஞ்சாம் நம்பரு. 1999ல அது இல்லாத எலிய வெச்சுப் பாத்தாங்க. எச்சில் பாதிக்கு மேல கொறஞ்சுபோச்சு, மிச்சமும் பிசினு மாரி.

ஆனா ஒண்ணு, கேட்டு தொறந்து தான் வுடும், தண்ணிய இழுக்காது. இழுக்குறது யாரு? உன் ஆயா மாங்காய நறுக்கி உப்பு போட்டு ஜாடியில வெச்சாளே, மறுநாளு தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? மோட்டார் போட்டாளா? சுரப்பியும் அதே வேலை தான் பண்ணுது. உப்ப முன்னால அனுப்பும், தண்ணி பின்னாலயே ஓடியாரும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டரு கிட்ட.

தண்ணி வேலைய உடம்பே பாத்துக்குது, நீ இன்னாடான்னா ஆல்கலைன் வாட்டருன்னு காசக் கொட்டுற. வயித்துல ஆசிட்டு குந்திக்கினு கீது, அதுங்கிட்ட உன் ஆல்கலைன் எத்தினி நேரம் தாங்கும்?

தோ, மாங்கா பத்தை. உப்பு, மொளகாத்தூளு. தொடாத, சும்மா பாரு... இன்னாடா முழுங்குற? பாட்டிலு இன்னும் கூவவே இல்லியே!